மரக்கடைசலுக்குக் கனவு லேத்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லேத், அதாவது மரத்தைச் சுழற்றிக் கடையும் இயந்திரம், வாங்கப் போகிறேன், எதைப் பார்த்து வாங்குவது என்று கேட்டு வருபவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. அதனால் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன். முதலில் வருபவை புதியவர்களுக்கு. போகப் போகக் கொஞ்சம் வில்லங்கமானவை வரும்.

கனவு லேத் என்று ஒன்று நிஜமாகவே இருக்கிறதா, இல்லை சும்மா பேச்சா?

இருக்கிறது, ஆனால் ஒன்றே ஒன்று அல்ல. பேனா கடைபவருக்கும் மேஜைக் கால் கடைபவருக்கும் பெரிய கிண்ணம் கடைபவருக்கும் ஒரே லேத் பொருந்தாது. அடுத்த இரண்டு மூன்று வருடத்தில் எதை அதிகம் கடையப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். "எல்லாமும்தான்" என்று பதில் வந்தால் கிண்ணத்தை மனதில் வைத்து வாங்குங்கள். கிண்ணத்துக்குத் தாங்குகிற லேத் பேனாவுக்கும் தாங்கும், மறுபக்கம் நடக்காது.

எல்லா வகைக்கும் பொதுவாக ஒரு விதி உண்டு: மரம் மட்டும் சுற்ற வேண்டும், மற்றதெல்லாம் அசையாமல் நிற்க வேண்டும். கீழே உள்ள பதில்களில் பாதி, அந்த அசையாமைக்கு என்னென்ன தேவை என்பதைப் பற்றித்தான்.

என்னிடம் இரும்பு கடையும் லேத் இருக்கிறது. அதிலேயே மரத்தையும் கடைந்தால் ஆகாதா?

ஆகும், ஆனால் சுகப்படாது. இரும்பு லேத்தில் வெட்டும் முனையை இயந்திரம் பிடித்துக்கொள்கிறது. மர லேத்தில் உளியை நம் கை பிடிக்கிறது. டூல் ரெஸ்ட் அதற்கு முட்டுக் கொடுக்கிறது, அவ்வளவுதான். கை தாராளமாக வந்து போக வேண்டிய இடத்தில் இரும்பு லேத்தின் கேரேஜ், அதாவது வெட்டும் முனையைத் தாங்கி நகரும் பகுதி, குறுக்கே நிற்கும். சன்னமான வேலைக்கு வேண்டிய வேகமும் பல இரும்பு லேத்துகளில் கிடைக்காது.

அதைவிடப் பெரிய தொல்லை தூள். அந்த கேரேஜ் ஓடும், எண்ணெய் பூசிய வழித்தடங்களில் மரத்தூள் படிந்தால் பசை மாதிரி ஆகிவிடும். ஈர மரமாக இருந்தால் துருவும் சேரும். நல்ல இரும்பு லேத் வைத்திருப்பவர் அதைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஸ்விங், ஸ்விங் என்கிறார்களே, எனக்கு எவ்வளவு வேண்டும்?

பெட்டில், அதாவது லேத்தின் நீளமான அடிச்சட்டத்தில், முட்டாமல் சுற்றக்கூடிய மரத்தின் அதிகபட்ச விட்டம்தான் ஸ்விங். சிலர் விட்டத்தைப் போடுவார்கள், சிலர் ஸ்பிண்டில் (மரத்தைச் சுற்றும் அச்சுத்தண்டு) நடுவிலிருந்து பெட் வரையுள்ள உயரத்தை மட்டும் போடுவார்கள். ஒன்றில் 200 என்றும் இன்னொன்றில் 400 என்றும் இருந்தால் இரண்டும் ஒரே அளவு லேத்தாக இருக்கலாம். கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பேனா, பம்பரம், உளிக் கைப்பிடி போன்றவற்றுக்கு 250 மி.மீ. தாராளம். கிண்ணம் கடைய 400 மி.மீ., அதாவது சுமார் 16 அங்குலம், இருந்தால் நீண்ட காலம் குறை தெரியாது. அதற்கு மேல் பெரிது வேண்டும் என்று ஆசைப்படுபவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: அவ்வளவு அகலத்தில் வெடிப்பில்லாத மரம் உங்களுக்கு எத்தனை முறை கிடைக்கும்? கடைந்த பிறகு அந்தக் கிண்ணத்தை எங்கே வைப்பீர்கள்?

நீளம்?

நாற்காலிக் கால், கைப்பிடிச் சட்டம் கடைபவருக்கு ஒரு மீட்டராவது வேண்டும். கிண்ணக்காரருக்கு 500 மி.மீ. போதும். ஆனால் 400 மி.மீ. நீளம் என்று போட்டிருக்கும் சிறிய லேத்தில் டப்பா கடைய முயன்று பாருங்கள். இந்தப் பக்கம் மரத்தைக் கவ்விப் பிடிக்கும் சக், அந்தப் பக்கம் டிரில் சக், அதில் ஒரு நீளமான டிரில் பிட் என்று மாட்டியதும் மரத்துக்கு மிஞ்சுவது ஒரு சாண்கூட இருக்காது. பெட்டை நீட்டிக்கொள்ளும் வசதி இருக்கும் லேத் இதற்கு நல்ல வழி.

எடை கூடக் கூட நல்லது என்கிறார்கள். நிஜமா?

பெரும்பாலும் நிஜம். என் முதல் லேத் 40 கிலோகூட இருக்காது, கால்கள் மெல்லிய தகரம். கோணல்மாணலான ஒரு கட்டையை மாட்டி ஓட்டினால் அது நடக்க ஆரம்பித்துவிடும். ஒரு முறை நடந்து நடந்து, வயர் இழுபட்டு, பிளக் கழன்று தானாகவே நின்றது. அன்றைக்கு அதுதான் நல்ல முடிவு.

ஏன் இப்படி என்று ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம். கட்டையின் ஒரு பக்கம், நடுவிலிருந்து 150 மி.மீ. தூரத்தில், வெறும் 100 கிராம் கூடுதலாக இருக்கிறது என்று வையுங்கள். நிமிடத்துக்கு 600 சுற்றில் அந்தக் கூடுதல் எடை சுமார் 6 கிலோ விசையால் ஸ்பிண்டிலை வெளிப்பக்கம் இழுக்கும். வேகத்தை 1200 ஆக்கினால் விசை இரண்டு மடங்கு ஆகாது, நான்கு மடங்கு ஆகும். அதாவது 24 கிலோ, ஒரு நொடியில் 20 தடவை சுற்றிச் சுற்றி. மெலிந்த லேத்தை அது உலுக்கும். 250 கிலோ லேத்தில் மெல்லிய அதிர்வோடு போய்விடும்.

எடை குறைந்த லேத் இருந்தால் கவலைப்பட வேண்டாம். கால்களுக்கு நடுவே தட்டுப் போட்டு மணல் மூட்டைகளை அடுக்குங்கள். மூட்டைகள் தளராமல் கால்களை ஒட்டி இறுக்கமாக இருக்க வேண்டும். கால்கள் அகன்று, நான்கும் தரையில் சமமாக அழுந்துவது எடையைவிடவும் முக்கியம். ஒரு கால் காகிதத் தடிமன் அளவுக்குத் தூக்கிக்கொண்டிருந்தாலும் 250 கிலோவும் வீண்.

வார்ப்பிரும்பு பெட்டா, ஸ்டீல் பெட்டா?

வார்ப்பிரும்பு. அதற்குள் செதில் செதிலாக இருக்கும் கிராஃபைட் அதிர்வை விழுங்கிவிடும். ஸ்டீலைத் தட்டினால் மணி மாதிரி ஒலிக்கும், வார்ப்பிரும்பைத் தட்டினால் மந்தமான ஒரு சத்தத்தோடு அடங்கும். தடித்த ஸ்டீல் குழாயில் நன்றாகக் கட்டிய பெட்டும் மோசமில்லை, வளையாது. குழாய்க்குள் மணல் நிரப்பினால் ஒலிப்பதும் குறையும்.

ஈர மரம் கடைபவர்கள் பெட்டைத் துடைக்காமல் வீட்டுக்குப் போகக் கூடாது. டானின் என்ற துவர்ப்புப் பொருள் அதிகமுள்ள மரத்தின் சாறு இரும்பில் பட்டால் பெட்டும் கறுக்கும், மரமும் கறுக்கும். துடைத்துவிட்டு மெழுகு பூசி வையுங்கள். டூல் ரெஸ்ட்டும் வழுக்கிக்கொண்டு நகரும்.

எந்த மரத்தை எவ்வளவு வேகத்தில் ஓட்டுவது?

கடைசல்காரர்கள் கையில் வைத்திருக்கும் ஒரு தோராயக் கணக்கு உண்டு: விட்டத்தை அங்குலத்தில் எடுத்து, நிமிடச் சுற்றால் பெருக்கினால் 6000 முதல் 9000 வரை வர வேண்டும். 12 அங்குலக் கிண்ணம் என்றால் 500 முதல் 750 சுற்று. 3 அங்குலக் கால் என்றால் 2000 முதல் 3000. பேனா மாதிரி மிகச் சிறியவற்றில் இந்தக் கணக்கு எட்டாத எண்ணைக் காட்டும். 3000 பக்கத்தில் வைத்துக்கொண்டால் வேலை நடக்கும்.

இது உருண்டையாகிவிட்ட, சமநிலையான, வெடிப்பில்லாத மரத்துக்கான கணக்கு. கோணல் கட்டைக்கு இதில் பாதிகூடக் கிடையாது. அதிர்வு தொடங்கும் இடத்துக்குக் கீழேயே நில்லுங்கள். 300 மி.மீ. கட்டை 1000 சுற்றில் ஓடும்போது அதன் விளிம்பு மணிக்கு 56 கி.மீ. வேகத்தில் போகிறது. அது கழன்று வந்தால் எங்கே வரும் என்று பார்த்து, அந்த நேர்க்கோட்டில் நிற்காமல் சுவிட்சைப் போடுங்கள். முகத்துக்கு முழுக் கவசம், இறுக்கமான சட்டைக் கை, கையுறை கூடவே கூடாது.

ஆகவே என் கனவு லேத்தில் உச்ச வேகத்தை நான் கேட்கவே மாட்டேன். குறைந்தபட்ச வேகம் எவ்வளவு என்றுதான் கேட்பேன். 50, 100 சுற்றிலிருந்து மெதுவாகக் கிளம்ப வேண்டும். எடுத்த எடுப்பில் 600 சுற்றில் புறப்படும் பழைய லேத்துகளில் பெரிய கட்டையை மாட்டுவது நல்ல யோசனை இல்லை.

குமிழைத் திருப்பினால் வேகம் மாறும் லேத் வாங்கிவிட்டேன். இனி பெல்ட் மாற்றவே வேண்டாம் அல்லவா?

வேண்டும். இந்தத் தவறை நிறையப் பேர் செய்கிறார்கள். குமிழுக்குப் பின்னால் இருக்கும் மின்னணுக் கருவியான இன்வெர்ட்டர் டிரைவ் மோட்டாரின் வேகத்தைக் குறைக்கும்போது, திருகுவிசை ஏறக்குறைய அதேதான் இருக்கும், திறன் குறைந்துவிடும். மோட்டார் பாதி வேகத்தில் ஓடினால் கிடைப்பது பாதிக் குதிரைத்திறன்தான். ஸ்பிண்டில் பக்கம் பெல்ட்டைச் சிறிய புல்லியிலிருந்து பெரிய புல்லிக்கு மாற்றும்போது நடப்பது வேறு: மோட்டார் தன் முழு வேகத்தில் ஓடும், ஸ்பிண்டில் மெதுவாக, ஆனால் பலமாகச் சுற்றும்.

பெரிய கிண்ணத்தைக் குடையும்போது லேத் நின்று நின்று போகிறது என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, பெல்ட் எந்தப் படியில் இருக்கிறது என்று. பெரும்பாலும் வேகப் படியிலேயே விட்டுவிட்டுக் குமிழை மட்டும் குறைத்திருப்பார்கள். அப்படி ஓட்டினால் மோட்டாரின் விசிறியும் மெதுவாகச் சுற்றி, மோட்டார் சூடாகும். நல்ல லேத்தில் இரண்டு அல்லது மூன்று பெல்ட் படிகள் இருக்கும். அதை மாற்ற ஸ்பேனர் தேடும்படி இருக்கக் கூடாது.

குமிழுக்கு இன்னொரு நன்மையும் உண்டு. ஒவ்வொரு லேத்துக்கும் அது உதறும் ஒரு வேகம் இருக்கிறது. பெல்ட் மட்டும் இருந்தால் அந்த வேகத்தில் மாட்டிக்கொள்வீர்கள். குமிழ் இருந்தால் கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ தாண்டிவிடலாம்.

எத்தனை ஹெச்பி?

சிறிய லேத்துக்கு அரை முதல் முக்கால், 400 மி.மீ. லேத்துக்கு ஒன்றரை முதல் இரண்டு, அதற்கு மேல் மூன்று. பழகும் காலத்தில் பலம் குறைந்த மோட்டாரே நல்லது. உளி கொத்தும்போது, அதாவது முனை சட்டென்று மரத்துக்குள் புகுந்து மாட்டிக்கொள்ளும்போது, அரை ஹெச்பி நின்றுவிடும். மூன்று ஹெச்பி நிற்காது. வேறு எதையாவது உடைக்கும்.

சக் வாங்கினேன், ஸ்பிண்டிலில் ஏறவில்லை. ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை, மரை வேறாக இருக்கும். ஸ்பிண்டில் மூக்கில் பரவலாக இருப்பவை சில அளவுகள்தான்: எம்33, அதாவது 33 மி.மீ. விட்டமும் 3.5 மி.மீ. மரை இடைவெளியும், ஒன்றேகால் அங்குல விட்டத்தில் அங்குலத்துக்கு 8 மரை, ஒரு அங்குலம் 8 மரை, பழைய சிறிய லேத்துகளில் முக்கால் அங்குலம் 16 மரை. ஒன்றேகால் அங்குலம் என்பது 31.75 மி.மீ., எம்33-க்கு மிக அருகில். கண்ணால் பார்த்து வித்தியாசம் சொல்ல முடியாது. அடாப்டர் கிடைக்கும். ஆனால் அடாப்டர் போட்டால் ஸ்பிண்டிலைத் தாங்கும் பேரிங்கிலிருந்து மரம் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போகும், அசைவும் கொஞ்சம் கூடும். முடிந்தால் சக்குக்கு உள்ளே போடும் இன்செர்ட்டையே உங்கள் மரைக்கு ஏற்றபடி வாங்குங்கள்.

ஸ்பிண்டில் உள்ளே இருக்கும் கூம்புத் துளைக்கு மோர்ஸ் டேப்பர் என்று பெயர். கிட்டத்தட்ட 20-க்கு 1 சரிவு, அழுத்தி வைத்தாலே பிடித்துக்கொள்ளும். மிகச் சிறிய லேத்தில் எம்டி1, மற்ற பெரும்பாலானவற்றில் எம்டி2. எம்டி2 உள்ளதையே வாங்குங்கள், மாட்டும் சாமான்கள் எளிதில் கிடைக்கும். துளையில் ஒரு சின்ன மரச்சுருள் கிடந்தாலும் சென்டர், அதாவது மரத்தின் நடுவில் ஊன்றும் முனை, கோணலாக உட்காரும். மாட்டும் ஒவ்வொரு முறையும் துடையுங்கள்.

டூல் ரெஸ்ட்டில் என்ன இருக்கிறது? ஒரு இரும்புத் துண்டுதானே?

ஒரு நாளில் நாம் அதிகம் தொடுவது அந்த இரும்புத் துண்டைத்தான். கடையக் கடைய மரம் சிறுத்துக்கொண்டே போகும், ரெஸ்ட்டை அதன் பின்னாலேயே நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். அரை மணி நேரத்தில் பத்து தடவையாவது தளர்த்தி, நகர்த்தி, இறுக்குவோம். ஒரு கையால் செய்ய முடியாவிட்டால் நகர்த்தாமலே எட்டி எட்டிக் கடைவோம். உளி கொத்துவது அப்போதுதான். எந்த லேத்தைப் பார்க்கப் போனாலும் நான் முதலில் ஓட்டிப் பார்ப்பது மோட்டாரை அல்ல. ரெஸ்ட்டின் அடிக்கட்டையைத்தான் பெட்டில் தள்ளிப் பார்ப்பேன், பிடியை இறுக்கிவிட்டு உடம்பு எடையைப் போட்டு அழுத்துவேன்.

ரெஸ்ட்டின் தண்டு அளவில் ஒரு சின்ன வில்லங்கம் இருக்கிறது. சிலது 25 மி.மீ., சிலது ஒரு அங்குலம், அதாவது 25.4 மி.மீ. அங்குலத் தண்டு 25 மி.மீ. துளையில் இறங்காது. மாற்றிப் போட்டால் இறங்கும், ஆனால் ஆடும். ரெஸ்ட்டின் மேல் விளிம்பில் பள்ளம் விழுந்திருந்தால் அரம் போட்டுச் சமப்படுத்துங்கள், இல்லாவிட்டால் உளி அந்தப் பள்ளத்திலேயே போய்த் தடுக்கும்.

எந்த உயரத்தில் நிறுத்துவது?

நீங்கள் கடையும்போது போடும் செருப்பையோ ஷூவையோ போட்டுக்கொண்டு நேராக நில்லுங்கள். முழங்கையை மடியுங்கள். தரையிலிருந்து முழங்கை வரை எவ்வளவோ அந்த உயரத்தில் ஸ்பிண்டிலின் நடு இருக்க வேண்டும். இரண்டு மூன்று செ.மீ. கூடினால் பரவாயில்லை, குறைந்தால் சாயங்காலம் முதுகு சொல்லும். தயாரிப்பாளர் கொடுக்கும் கால் பெரும்பாலும் யாருக்கும் சரியாக இருக்காது. கட்டை வைத்து உயர்த்தலாம். உயரம் அதிகமென்றால் நிற்பதற்கு மேடை போடலாம். உட்கார்ந்து கடைபவர்களுக்கும் இதே முழங்கைக் கணக்குதான்.

திரும்பும் ஹெட்ஸ்டாக் நல்லதா, நகரும் ஹெட்ஸ்டாக் நல்லதா?

ஸ்பிண்டிலைத் தாங்கும் தலைப்பகுதிதான் ஹெட்ஸ்டாக். கிண்ணத்தின் உட்புறத்தைக் குடையும்போது பெட் குறுக்கே வரும், குனிந்து வளைந்து நிற்க வேண்டியிருக்கும். ஹெட்ஸ்டாக்கைத் திருப்பினால் கிண்ணம் நம்மைப் பார்க்கும். நகர்த்தக்கூடியதாக இருந்தால் அதைப் பெட்டின் மறுமுனைக்குக் கொண்டுபோய், நாம் முனையில் நின்று கடையலாம். இரண்டும் முதுகைக் காப்பாற்றும்.

நான் நகர்வதைத்தான் விரும்புவேன். திருப்பிய ஹெட்ஸ்டாக்கைத் திரும்ப நேரே கொண்டுவரும்போது டெயில்ஸ்டாக்கோடு, அதாவது எதிர்முனையில் மரத்தைத் தாங்கும் பகுதியோடு, முனைக்கு முனை சேரவில்லை என்றால், அதைச் சரிசெய்துகொண்டிருப்பதிலேயே நேரம் போகும். திருப்புகிற வேலையைச் சுத்தமாகச் செய்யும் லேத்துகளும் உண்டு. வாங்குமுன் பல தடவை திருப்பித் திருப்பிப் பாருங்கள்.

ரிவர்ஸ் அவசியமா?

மணல்தாள் போடும்போது உதவும். ஒரு திசையில் படுத்துவிட்ட நார்களை மறுதிசையில் ஓட்டி எடுக்கலாம். ஆனால் சக் மரையில் ஏறி இருக்கிறது, எதிர்த்திசையில் ஓட்டினால் கழன்றுவிடலாம். சக்கைப் பூட்டும் திருகு இருந்தால் மட்டும் ரிவர்ஸ் போடுங்கள்.

ஸ்டாப் பட்டன் எங்கே இருந்தால் என்ன?

கிண்ணம் பறக்கத் தயாராகும்போது அதைத் தாண்டிக் கையை நீட்டி அணைக்க வேண்டிய இடத்தில் இருந்தால், நீங்கள் அணைக்க மாட்டீர்கள். மேலே சொன்ன ஆபத்தான நேர்க்கோட்டுக்கு வெளியே, இடுப்பாலோ முழங்காலாலோ தட்டும்படி பட்டன் இருக்க வேண்டும். காந்தத்தில் ஒட்டி வேண்டிய இடத்துக்கு நகர்த்தும் பட்டன் பெட்டி கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள்.

விளக்கையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பழைய டியூப்லைட் ஒரு நொடியில் நூறு தடவை மினுக்கும். அந்த மினுக்கலோடு வேகம் ஒத்துப்போனால் ஓடிக்கொண்டிருக்கும் மரம் நிற்பது போலவோ மெதுவாகத் திரும்புவது போலவோ தெரியும். மினுக்காத விளக்காக ஒன்றைப் பக்கத்திலிருந்து அடிக்கும்படி வையுங்கள். மேடு பள்ளமும் நிழலில் நன்றாகத் தெரியும்.

பழைய லேத் ஒன்று வருகிறது. என்ன சோதிப்பது?

ஹெட்ஸ்டாக்கில் ஒரு கூர் சென்டர், டெயில்ஸ்டாக்கில் ஒரு கூர் சென்டர் மாட்டி இரண்டையும் நெருக்குங்கள். முனைகள் நேருக்கு நேர் சந்திக்க வேண்டும். இது ஒரு புள்ளியில் மட்டும் பார்க்கும் சோதனை. டெயில்ஸ்டாக்கில் சென்டரைப் பிடித்திருக்கும் குழலை முழுக்க வெளியே நீட்டியும் ஒரு தடவை பாருங்கள். உள்ளே இருக்கும்போது சேர்ந்து, நீட்டும்போது விலகினால் கோணத்தில் பிழை.

அப்புறம் பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஸ்பிண்டிலைக் கையால் சுற்றுங்கள். கரகரவென்றால் பேரிங் போய்விட்டது, அது மாற்றக்கூடியது. ஒரு நீளக் கட்டையைச் சக்கில் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள், லொடலொடப்பு இருந்தாலும் அதேதான். ஸ்பிண்டில் மூக்கின் மரை சிதைந்திருந்தால் மட்டும் விட்டுவிட்டு வாருங்கள். நாள்கணக்கில் ஓடாத லேத் முதலில் டொக் டொக் என்று அடித்தால் பயப்பட வேண்டாம். வி-பெல்ட் ஒரே நிலையில் கிடந்து வளைந்திருக்கும், ஓட ஓடச் சரியாகும்.

அந்தக் காலத்தில் காலால் மிதித்தே கடைந்தார்களே, நமக்கு எதற்கு இவ்வளவும்?

கி.மு. 300 வாக்கிலேயே எகிப்தில் பெட்டோசிரிஸ் என்பவரின் கல்லறைச் சுவரில் லேத்தைச் செதுக்கியிருக்கிறார்கள். ஒருவர் கயிற்றை இழுத்து மரத்தைச் சுற்ற, மற்றவர் உளி பிடிக்கும் வகை. பின்னால் வளைகழி லேத் வந்தது: வளையும் கழியில் கட்டிய கயிறு மரத்தைச் சுற்றிவந்து கீழே மிதிகட்டையில் முடியும். மிதித்தால் மரம் நம்மை நோக்கிச் சுற்றும், காலை எடுத்தால் கழி நிமிர்ந்து மரத்தைத் திருப்பிச் சுற்றும். பாதி நேரம்தான் வெட்டு. அதிலும் அழகான கிண்ணங்கள் பிறந்தன, இன்றும் பிறக்கின்றன. மரம் மெதுவாகச் சுற்றுவதால் எடை கணக்கில் பார்த்த இழுப்பு அங்கே பெரிதாக எழுவதில்லை, மரச்சட்டமே தாங்கிவிடும். வேகம் கூடிய பிறகுதான் வார்ப்பிரும்பு தேவைப்பட்டது. அதைப் பழக ஆசையிருந்தால் பழகுங்கள், ஒரே சட்டத்தில் நீங்களே கட்டிக்கொள்ளலாம்.

சரி, நீங்கள் சொன்னபடியே ஒரு லேத் வந்துவிட்டது. இனி என் கிண்ணத்தில் கோடுகள் விழாதா?

எந்தக் கோடு என்பதைப் பொறுத்தது. என்ன மாட்டினாலும், குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் வந்து, வேகத்தை மாற்றினால் போய்விடும் சிற்றலைகள் லேத்தினுடையவை. எடையையும் கால்களையும் பேரிங்கையும் பாருங்கள். நீளமான மெல்லிய கட்டையில் கயிறு முறுக்கியது போல் வரும் கோடு, கட்டையே வளைவதால் வருவது. அதற்கு டெயில்ஸ்டாக்கின் இறுக்கத்தைக் கொஞ்சம் மட்டும் குறைத்துவிட்டு இடது விரல்களால் கட்டையின் பின்புறம் லேசாகத் தாங்க வேண்டும். டெயில்ஸ்டாக்கை இன்னும் இறுக்கினால் கூடத்தான் செய்யும்.

கிண்ணத்தின் சுற்றில் இரண்டு இடத்தில் மட்டும் நார் பிய்ந்து முரடாக இருந்தால் உளி மழுங்கிவிட்டது. அந்த இரண்டு இடமும் நார் முனைகள் எதிர்த்து நிற்கும் இடங்கள், மழுங்கிய உளியை முதலில் காட்டிக்கொடுப்பவை. உளியின் சரிவை மரத்தில் பலமாக அழுத்தினாலும் அங்கேதான் துள்ளும். முதல் வகை ஒன்றுதான் லேத்தில் சரியாகும். இரண்டாவது கையில் சரியாகும். மழுங்கிய உளிக்கு லேத்தை நிறுத்திவிட்டு, சாணைக்கல்லுக்குப் போய்விட்டு வாருங்கள்.